பிள்ளையை போலீஸ் பிடித்துவிட்டால்: பெற்றோர் வருமுன் நடக்கும் சோதனை முதல் இளைஞர் நீதிக் குழுமம் வரை

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "நாங்க இல்லாம எப்படி சார் பையனோட சட்டைப் பையில கை விடலாம்?" என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலிலேயே சண்டை போட்டு, அதற்குள் உள்ளே நடந்து முடிந்ததைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் பல.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனை உங்களுக்காகக் காத்திருக்காது. சட்டமும் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு எல்லை உண்டு, அதற்குப் பிறகு தர வேண்டிய காகிதம் உண்டு, உங்கள் பிள்ளையிடம் செய்யவே கூடாத காரியங்கள் உண்டு. உங்கள் வேலை அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவதும், செய்யக் கூடாதது நடந்தால் அது எங்காவது எழுத்தில் ஏறும்படி பார்ப்பதும்தான்.

கீழே உள்ள வரிசை தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியது. அடிப்படை மூன்று: இளைஞர் நீதிச் சட்டம் 2015, அதன் 2016 மாதிரி விதிகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (கீழே ‘சன்ஹிதா’ என்று சுருக்கமாக). தமிழ்நாட்டுக்குத் தனி விதிகளும் உண்டு. உங்கள் வழக்கறிஞர் அவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்.

1. அதிகாரம் எதுவரை என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

சன்ஹிதாவின் 49-ஆம் பிரிவு, கைதான ஒருவரின் உடலைச் சோதித்து, அணிந்திருக்க வேண்டிய உடையைத் தவிர மற்றப் பொருள்களைப் பத்திரமாக எடுத்துவைக்கப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. கத்தி, அரிவாள் போன்ற ஆயுதம் இருந்தால் எடுத்துக்கொள்ள 50-ஆம் பிரிவு. இரண்டிலும் "பெற்றோர் முன்னிலையில்" என்ற சொல் கிடையாது. இளைஞர் நீதிச் சட்டமும் சோதனைக்குப் பெற்றோர் இருந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆகவே மூன்று கட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சோதனை நீங்கள் இல்லாமலே நடக்கலாம். விசாரணையின்போது நீங்கள் உடன் இருக்கலாம் என்று மாதிரி விதி 8 சொல்கிறது. சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் பிள்ளையை நிறுத்தும்போது நீங்கள் வர வேண்டும் என்று போலீசே உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சண்டை போடுவதாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது கட்டத்துக்குப் போடுங்கள். முதல் கட்டத்துக்குப் போட்டால் தோற்பீர்கள்; அதோடு, பேச வேண்டிய அதிகாரியின் பொறுமையும் போய்விடும்.

வழக்கறிஞரிடம் சொல்லவேண்டிய ஒரு நுணுக்கம். 49-ஆம் பிரிவு, ஜாமீனில் போக முடியாதவரையும் ஜாமீன் கொடுக்க இயலாதவரையும் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, எந்தக் குற்றமாக இருந்தாலும் சிறாரை ஜாமீனில் விடுவதுதான் பொது விதி. மறுக்க மூன்று காரணங்கள்தான்: தெரிந்த குற்றவாளிகளோடு மறுபடி சேர்ந்துவிடுவார், பிள்ளைக்கே ஆபத்து நேரும், நீதி தோற்றுப்போகும். ஒரு மணி நேரத்தில் உங்களோடு வீட்டுக்கு அனுப்பப்போகும் பையனின் உடைமைகளை எல்லாம் "பத்திரப்படுத்த" வேண்டிய அவசியம் என்ன என்பது கேட்கத் தக்க கேள்வி. ஸ்டேஷனில் கேட்காதீர்கள், குழுமத்தில் கேளுங்கள்.

2. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவதும் முக்கியமானதும் வயதுச் சான்று. பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எல்லாமே "பதினெட்டு நிரம்பவில்லை" என்ற ஒரே ஆணியில் தொங்குகிறது. சம்பவம் நடந்த நாளில் என்ன வயது என்பதே கணக்கு, பிடிபட்ட நாளில் அல்ல.

எந்தச் சான்று என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். ஆதாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வயதைத் தீர்மானிக்கும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின் வரிசையில் ஆதார் இல்லை. அந்த வரிசை இது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வு வாரியச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்றிதழ், இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது 94-ஆம் பிரிவு கேட்கும் சான்று அல்ல என்று 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் மேலே வையுங்கள்.

அசலைக் கொடுக்காதீர்கள். நாலைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி, நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கோ ஆணையர் அலுவலகத்துக்கோ மின்னஞ்சலில் அனுப்புங்கள். மின்னஞ்சலில் நேரம் தானாகப் பதிவாகும்.

அப்புறம் பிள்ளை சாப்பிடும் மாத்திரை, மருத்துவச் சீட்டு, மாற்றுடை ஒரு செட், வெள்ளைத்தாள், பேனா, மொபைல் சார்ஜர். பிள்ளையின் மொபைல் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டி வீட்டில் இருந்தால், அதன் மேல் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்த மொபைலுக்கே உரிய அடையாள எண்ணை, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது 7-ஆம் படியில்.

3. வழியிலேயே மூன்று அழைப்புகள்

முதலில் தெரிந்த வழக்கறிஞர். யாரும் இல்லையென்றால் 15100, தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பிள்ளைக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பது உரிமை. அந்த ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுப்பதையும் மாதிரி விதி போலீசின் கடமையாக வைத்திருக்கிறது.

அடுத்து 1098, சிறார் உதவி எண். மூன்றாவது, வீட்டில் பொறுப்பான ஒருவர். அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: யாரும் வாட்ஸ்அப்பில் எதையும் போடக் கூடாது. சொந்தக்காரர்கள் பாசத்தில் பிள்ளையின் படத்தைப் போட்டு "நீதி வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். சிறாரின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போலீசுக்கும் பத்திரிகைக்கும் பொருந்துகிற தடை இது. நீங்களே அதை உடைத்துவிட்டால் பிறகு அவர்களைக் கேட்க வாய் இருக்காது.

4. ஸ்டேஷனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

"என் பையன் எங்கே?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "பிடித்து வைத்திருக்கிறீர்களா, விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்களா? எத்தனை மணிக்கு?"

"சும்மா விசாரிச்சிட்டு விட்டுடுவோம்" என்ற பதில் வந்தால், அதைக் கையில் உள்ள தாளில் நேரத்தோடு, சொன்னவரின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் 49-ஆம் பிரிவுச் சோதனைக்கு இடமே இல்லை, ஏனென்றால் அது கைதுக்குப் பிறகு வரும் அதிகாரம். சாட்சியாகத்தான் கூப்பிட்டோம் என்றால், 15 வயதுக்குக் குறைந்த பையனையோ எந்தப் பெண்ணையோ அவர்கள் இருக்கும் இடத்தை விட்டு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது என்று சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டில் எது என்று அவர்கள் வாயால் சொல்லவைப்பதுதான் இந்தக் கேள்வியின் நோக்கம். 24 மணி நேரக் கடிகாரம் (11-ஆம் படியில் வருகிறது) எப்போது ஓடத் தொடங்கியது என்பதும் இதில்தான் தெரியும்.

அடுத்து, குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சார்பு ஆய்வாளர் பதவிக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. பிடித்த உடனே பிள்ளையை அவரிடமோ, மாவட்டத்தில் உள்ள சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ ஒப்படைத்தாக வேண்டும். கூடியவரை அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பல ஸ்டேஷன்களில் அந்தப் பெயர் சுவரில் பலகையில் இருக்கும். ஆளைக் கேட்டால் "பந்தோபஸ்துக்குப் போயிருக்கார்" என்பார்கள். சரி, அவர் எண்ணைக் கொடுங்கள் என்று கேட்டு, ரைட்டர் முன்னாலேயே அழையுங்கள். பிள்ளையைக் கையாள வேண்டியவர் இவர்தான் என்று உங்களுக்குத் தெரியும் என்பது தெரிந்தாலே பேச்சின் தொனி மாறும்.

மூன்றாவது, என்ன குற்றம் என்று கேளுங்கள். மாதிரி விதி 8-ன்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ என்றிருக்கும் கொடுங்குற்றத்துக்கும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கும் மட்டுமே எஃப்.ஐ.ஆர். மற்றவற்றுக்குப் பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பிடித்து வைக்கும் அதிகாரமும் கொடுங்குற்றத்துக்குத்தான். மற்றவற்றில் பிள்ளையின் நலனுக்குத் தேவை என்றால் மட்டும். மொபைல் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு தண்டனை, அது இந்தச் சட்டத்தில் சிறு குற்றம். ஒரு கிலோவுக்கு மேற்படாத கஞ்சா வழக்கும் அப்படித்தான். அதற்காகப் பையனை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால், "எந்த நலனுக்காக?" என்று நாட்குறிப்பில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

5. பிள்ளையைப் பார்த்ததும் செய்ய வேண்டியவை

அழுவதற்கும் அடிப்பதற்கும் இது நேரம் இல்லை. இரண்டும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தகப்பனார் கோபத்தில் எல்லோர் முன்னாலும் பையனை ஓங்கி அறைவார். பிறகு கன்னத்தில் உள்ள வீக்கம் யார் அடித்தது என்று எப்படிச் சொல்வது?

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள்: எங்கே பிடித்தார்கள், எத்தனை மணிக்கு, யார் சோதித்தார்கள், எதை எடுத்தார்கள், எதிலாவது கையெழுத்துப் போட்டாயா, யாராவது அடித்தார்களா. "நீ செய்தாயா?" என்று மட்டும் அங்கே கேட்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். அந்தக் கேள்வியை வழக்கறிஞர் தனியாகக் கேட்கட்டும்.

லாக்கப்பில் வைத்திருந்தால் உடனே ஆட்சேபம் சொல்லுங்கள். எந்த நிலையிலும் சிறாரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு விதிவிலக்கே இல்லை. கைவிலங்கும் சங்கிலியும் கூடவே கூடாது. சன்ஹிதாவில் சில குற்றங்களுக்குக் கைவிலங்கு அனுமதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், சிறாருக்கு மாதிரி விதி 8 தனியாகத் தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

6. சோதனை எந்த வகை என்று பிரித்துக் கேளுங்கள்

"சோதனை பண்ணினாங்க" என்று பிள்ளை சொன்னால் அது நாலு வெவ்வேறு விஷயமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு.

உடைக்கு மேல் தடவிப் பார்ப்பது. ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. பிடித்த இடத்திலேயே நடக்கும். இதில் எதிர்க்க அதிகம் இல்லை. பெண் பிள்ளை என்றால் பெண் மட்டுமே சோதிக்க வேண்டும், கண்ணியம் குறையாமல். 49-ஆம் பிரிவில் இது நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. "பெண் போலீஸ் அப்போது இல்லை" என்பது பதில் ஆகாது. வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பையையும் சட்டைப் பையையும் காலி செய்வது. பணம், மொபைல், பஸ் பாஸ், வெள்ளி அரைஞாண், தாயத்து என்று எல்லாவற்றையும் மேசையில் வைப்பார்கள். பெல்ட், அரைஞாண் கயிறு, ஷூ லேஸை எடுப்பது பிள்ளை தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளக் கூடாதே என்பதற்காக. அதில் வம்பு வேண்டாம், பட்டியலில் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உடையைக் களையச் சொல்வது. இங்கேதான் கவனம் வேண்டும். பெரியவர்களை ஜட்டியோடு தரையில் உட்கார வைக்கும் பழக்கம் ஸ்டேஷன்களில் உண்டு என்பது ஊருக்கே தெரியும். 49-ஆம் பிரிவு "அணிந்திருக்க வேண்டிய உடையைத் தவிர" என்று விலக்கித்தான் பேசுகிறது; உடையை எடுத்து வைத்துக்கொள்ள அது அனுமதிக்கவில்லை. சிறாருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் அடிப்படைக் கொள்கையாக வைக்கிறது. பையன்களை எந்த அறையில், யார் முன்னிலையில் உடை களைந்து சோதிக்கலாம் என்று சன்ஹிதாவில் தனி நடைமுறை எழுதப்படவில்லை என்பதும் உண்மை. அதனால் நீங்கள் கேட்க வேண்டியவை: ஏன் தேவைப்பட்டது, மூடிய அறையா, யார் யார் இருந்தார்கள், படம் எடுத்தார்களா, உடையை உடனே திருப்பித் தந்தார்களா. விசாரணைக்கு மிரட்டுவதற்காகக் களையவைத்தது என்றால் அது சோதனையே அல்ல. தன் பொறுப்பில் உள்ள சிறாருக்குத் தேவையற்ற உடல், மன வேதனை தருவது 75-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம்.

உடலுக்குள் தேடுவது, இரத்தம், சிறுநீர் எடுப்பது. இதைப் போலீஸ் கையால் செய்யவே கூடாது. சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவின்படி, அதனால் குற்றத்துக்கான சான்று கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டு பதிவுபெற்ற மருத்துவர் செய்ய வேண்டும். பெண் பிள்ளைக்குப் பெண் மருத்துவர், அல்லது அவர் மேற்பார்வையில்.

கஞ்சா, மாத்திரை வழக்கு என்றால் ஒரு கூடுதல் படி. போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கும் முன், "நீ விரும்பினால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சோதிக்கலாம்" என்று சொல்லியாக வேண்டும். உடல் சோதனைக்குத்தான் இது. தோளில் தொங்கிய பையைத் திறந்ததற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பதினைந்து வயதுப் பையனிடம் அச்சடித்த தாளை நீட்டி, "நீங்களே சோதியுங்கள்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்களா, அவனுக்கு என்ன புரிந்தது என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். வழக்கு அங்கேதான் நிற்கும் அல்லது விழும்.

7. ரசீது வாங்காமல் நகராதீர்கள்

பெற்றோர் அதிகமாகக் கோட்டைவிடும் படி இதுதான். எடுத்த பொருள்களுக்கு ரசீது தர வேண்டும் என்று 49-ஆம் பிரிவே சொல்கிறது. கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ரசீதில் "மொபைல் 1, ரொக்கம், சில்லறைப் பொருள்கள்" என்று இருந்தால் அது ரசீதே இல்லை. மொபைலின் நிறுவனம், மாடல், நிறம், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் எண், திரையில் விரிசல் இருந்தால் அதுவும். ரொக்கம் என்றால் எந்தெந்தத் தாள் எத்தனை. தங்கம், வெள்ளி என்றால் எடை தெரியாவிட்டாலும் வடிவம். ஐ.எம்.இ.ஐ. எண்ணை எதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நாளை "திருட்டு மொபைல் இவனிடம் இருந்தது" என்று வந்தால், அது பிள்ளையின் சொந்த மொபைலா வேறொன்றா என்பதை அந்தப் பதினைந்து இலக்கம்தான் பிரித்துக் காட்டும்.

ரசீது வேறு, பறிமுதல் மகஜர் வேறு. பத்திரமாக எடுத்து வைத்ததற்கு ரசீது. வழக்குச் சொத்தாகக் கைப்பற்றியதற்கு மகஜர், அதில் சாட்சிகள் கையெழுத்து இருக்கும். மகஜரைப் படிக்கும்போது ஒரு வரியைத் தேடுங்கள்: "எதிரி தானாக முன்வந்து கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின்பேரில்" என்று தொடங்கும் வரி (இங்கே "எதிரி" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்). போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்பு தொடர்பான பகுதி மட்டும் செல்லும். சட்டைப் பையிலிருந்து எடுத்ததை "அவன் சொல்லிக் காட்டிக் கொடுத்தான்" என்று எழுதினால் அர்த்தமே மாறிவிடுகிறது. வரி அப்படி இருந்தால் கையெழுத்துப் போடாமல், வழக்கறிஞருக்குப் படம் அனுப்புங்கள்.

கையெழுத்து விஷயத்தில் ஒரே ஒழுங்கு. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது என்பது விதி 8. வெற்றுத்தாளில் யாரும் போடக் கூடாது. நீங்கள் போடுவதாக இருந்தால், பட்டியல் சரியாக இருக்கும்போது மட்டும், "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையாலேயே எழுதி, தேதியும் மணியும் போட்டு.

8. மொபைல்

பிள்ளைகள் வழக்கில் பாதிச் சண்டை இதில்தான். மொபைலை எடுப்பது ஒன்று, திறந்து உள்ளே பார்ப்பது இன்னொன்று. கடவுச்சொல்லைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றங்களின் கருத்து ஒன்றுபோல இல்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) சொல்வது சிறாருக்கும் உண்டு. ஆகவே பிள்ளை சொல்லவேண்டிய பதில்: "வக்கீல் வந்ததும் சொல்றேன்." மரியாதையாகச் சொன்னால் போதும்.

பெற்றோர் செய்யும் ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. வீட்டுக் கணினியிலிருந்து பிள்ளையின் கணக்கில் நுழைந்து படங்களையும் அரட்டைகளையும் அழித்துவிடுவது. சாட்சியத்தை அழித்த குற்றம் உங்கள் மேல் வரும். பிள்ளைக்குச் சாதகமாக இருந்த செய்தியும் அதோடு போய்விடும்.

9. விசாரணையில் உட்காருங்கள்

விசாரணை சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ, ஸ்டேஷனில் குழந்தைகளுக்கென ஒதுக்கிய இடத்திலோ மட்டும். ஸ்டேஷன் என்ற உணர்வே வரக் கூடாது என்கிறது விதி. நடைமுறையில் அது ஒரு பொம்மைச் சுவரொட்டி ஒட்டிய மூலையாக இருக்கும். பரவாயில்லை, அங்கேயே உட்காருங்கள்.

"வெளியே இருங்க" என்றால், "விதி 8-ல் நான் இருக்கலாம் என்று இருக்கிறது, வேண்டாம் என்றால் எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும்போது பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லக் கூடாது. "சொல்லிடுடா, விட்டுடுவாங்க" என்று நீங்களே ஒப்புக்கொள்ளத் தள்ளுவது அதைவிட மோசம். விட்டுவிடுவது பிள்ளை ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது அல்ல, 12-ஆம் பிரிவைப் பொறுத்தது.

10. வீட்டுக்குச் சோதனைக்கு வந்தால்

பிள்ளையின் உடல் சோதனைக்கான அதிகாரத்தைக் காட்டி வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. வீட்டுச் சோதனைக்குத் தனி நடைமுறை: அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள், கைப்பற்றியவற்றின் பட்டியல், உங்களுக்கு நகல். சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளியாகப் பதிவு செய்ய வேண்டும், மொபைலில் செய்தாலும் போதும். "வீடியோ எடுக்கிறீர்களா சார்?" என்று கதவருகிலேயே கேளுங்கள். தடுக்காதீர்கள், கூடவே நடங்கள்.

11. இருபத்து நான்கு மணி நேரம்

பிடித்ததிலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அது. குழுமம் அமராத நேரத்தில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம் என்பதால், "நாளைக்கு ஞாயிறு, திங்கள் பார்க்கலாம்" என்பது ஏற்கத் தக்க பதில் இல்லை. இரவைக் கழிக்க வேண்டுமானால் வழக்கு நடக்கும் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில்தான், ஸ்டேஷன் பெஞ்சில் இல்லை. சென்னைப் பையன்கள் என்றால் கெல்லீஸில் உள்ள இல்லம்.

குழுமத்தின் முன் பெற்றோர் பெரும்பாலும் "நல்ல பையங்க, தெரியாம செஞ்சிட்டான்" என்று தொடங்குவார்கள். அது ஒப்புதல் மாதிரி ஆகிவிடும். இந்த வரிசையில் சொல்லுங்கள்: வயதும் சான்றும்; பிடித்த நேரமும் எங்களுக்குத் தகவல் வந்த நேரமும்; சோதனையை யார், எப்படிச் செய்தார்கள்; எடுத்த பொருளும் ரசீது கிடைத்ததா என்பதும்; காயம் இருந்தால் காயம்; ஜாமீனும், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தருவார். அவர் வரும்போது பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல் எடுத்து வையுங்கள்.

வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவைக் குணச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது என்று 74-ஆம் பிரிவே சொல்கிறது.

12. எல்லை மீறியிருந்தால்

முதல் இடம் குழுமமே. பிள்ளையை முதன்முறை நிறுத்தும் அன்றைக்கே வாயால் சொல்லுங்கள், மறுநாள் எழுதிக் கொடுங்கள். தாமதமானால் "அப்போது ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி வரும்.

காயம் இருந்தால் சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவின்படி அரசு மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் எழுத வேண்டும். அறிக்கையின் நகல் பிள்ளைக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ கிடைக்க வேண்டும். பல நேரம் மருத்துவர் பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "காயம் இல்லை" என்று எழுதிவிடுவார், பக்கத்தில் போலீஸ் நிற்பதால் பிள்ளையும் வாய் திறக்காது. "சட்டையைக் கழற்றிப் பாருங்கள் டாக்டர்" என்று நீங்கள் கேளுங்கள்.

அடுத்து கேமரா. எல்லா ஸ்டேஷன்களிலும் சி.சி.டி.வி. வைத்து, பதிவை 18 மாதம், அதற்கு வசதி இல்லையென்றால் ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் கேட்காமல் விட்டால் "கேமரா பழுது" என்ற பதில்தான் மிஞ்சும். பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளே, இன்ன தேதி, இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை உள்ள பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி, ஸ்டேஷன் ஆய்வாளருக்கும் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். நகலைக் குழுமத்தில் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையம், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றுக்குப் புகார் எழுதினாலும் அந்தக் கடிதத்தையும், கையெழுத்தும் நேரமும் உள்ள ரசீது நகலையும் இணையுங்கள். ரசீது தரவில்லை என்றால், கேட்டும் தரவில்லை என்று புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.